குப்பை இல்லை உம்மா, இது என் பாடம்!

பகல் ஒன்றரை மணி தாண்டிவிட்டது. ஆக்கி வைத்த சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் பாடசாலை விட்டு வருகிறாள். காலையில் நீங்கள் ஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளை உடுப்பின் கைகளில் பசை காய்ந்து போய் இருக்கிறது. புத்தகப் பையைத் திறந்தால் கொப்பிகளுக்கு நடுவே காய்ந்த இலைகள், ஒரு சிரட்டை, இரண்டு வெற்றுத் தீப்பெட்டிகள், கடதாசியில் சுற்றிய ஒரு பிடி களிமண்.

"இதென்ன மகள், பை நெறய குப்பை?"

"குப்பை இல்ல உம்மா, டீச்சர் கொண்டு வரச் சொன்ன. நாளைக்கி இத வெச்சித்தான் பாடம்."

அவள் முகம் வாடிவிட்டது. அதைக் கவனிக்க உங்களுக்கு நேரமில்லை. அடுப்பில் வேலை, தொட்டிலில் சின்னவன். பையின் அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. பாடசாலையின் கடிதம். அடுத்த மாதம் வகுப்புப் பிள்ளைகளைத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். பெற்றோர் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதோடு கொஞ்சம் பணமும்.

"பொம்புளப் புள்ள, தண்ணி விழுற எடம். போக வேணாம்" என்று சொல்ல வாய் எடுக்கிறீர்கள்.

அன்புத் தாய்மார்களே! கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பையைக் குப்பை வாளியில் கொட்டுவதற்கும், அந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கும் முன்னால் சில விஷயங்களைப் பேசிக்கொள்வோம்.

இதுவும் பாடம்தானா?

நாம் படித்த காலத்தில் பாடம் என்றால் கரும்பலகை, கொப்பி, மனப்பாடம். களிமண் பிசைவதும் இலை ஒட்டுவதும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைப் போக்குவதற்கு என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் நமது நாட்டில் 1997ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மாற்றி அமைத்தது. 1999இல் நாடு முழுவதும் முதலாம் வகுப்பிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடமும் சம இடம் பெற்றது. சின்னப் பிள்ளைகள் கற்பதற்கு மூன்று வழிகளையும் அது வகுத்தது. வழிப்படுத்தப்பட்ட விளையாட்டு ஒன்று, செயற்பாடு மற்றொன்று, எழுத்து வேலை மூன்றாவது. ஆக, உங்கள் மகள் கொண்டு வந்த இலையும் சிரட்டையும் பாடத்துக்கு வெளியே உள்ளவை அல்ல.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துக் கவலைப்படும் தாய்மார் பலர். "கைவேலை செய்தா புள்ளி கெடைக்குமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பத்து இலைகளைக் கொடுத்து அவற்றை வகைப்படுத்தச் சொல்லுங்கள். பிள்ளை என்ன செய்கிறாள் என்று பாருங்கள். ஓரம் பல் பல்லாக உள்ளவை ஒரு பக்கம், வழுவழுப்பானவை ஒரு பக்கம் என்று பிரிப்பாள். பிறகு நீளமானவை, வட்டமானவை என்று மாற்றிப் பிரிப்பாள். கணிதத்தில் கூட்டம் பிரித்தல் என்று கற்பிப்பதும் இதுதான். கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டப் பழகிய விரல் பேனையையும் நேராகப் பிடிக்கும். "இந்த இலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நாலு வசனம் சொல்வாள். அதை எழுதினால் கட்டுரை.

மலைநாட்டுப் பிள்ளையின் கைவேலைப் பெட்டி

பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, வெலிமடை, அப்புத்தளை என்று ஊவாவில் எங்கே வாழ்ந்தாலும் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. கைவேலைச் சாமான் வாங்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. வாசலிலும் வேலியோரத்திலும் கிடக்கிறது.

தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்டிருக்கும் சபுக்கு மரத்தின் இலையை எடுத்துப் பாருங்கள். மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி மினுக்கம். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி ஒட்டினாலே அழகான வாழ்த்து அட்டை ஆகிவிடும். கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் தேயிலை மிலாறு, விறகுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நாலு குச்சியை நூலால் கட்டினால் படத்துக்குச் சட்டம். தேயிலைச் செடி பூப்பதைப் பல பிள்ளைகள் கவனித்திருக்க மாட்டார்கள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கொத்துமாக அந்தப் பூ இருக்கும். வெட்டாமல் விட்டால் தேயிலை சிறு மரமாக வளர்ந்துவிடும். பறிக்க வசதியாக இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

பாதையோரத்து மண்மேட்டில் ஒரு வகைப் பன்னம் வளரும். அதன் இலையின் அடிப்புறம் வெள்ளை மா பூசியது போல இருக்கும். அதைக் கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், இலையின் உருவம் அப்படியே தோலில் பதியும். நாமும் சின்ன வயதில் செய்ததுதான். அந்த வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது? செடி தானே சுரக்கும் மெழுகு போன்ற பொடி அது. கறுப்புக் கடதாசியில் அதைப் பதித்துக் கொடுத்தால் வகுப்பறைச் சுவருக்கே அலங்காரம்.

குசினியிலும் ஒரு வித்தை இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைக் கடதாசியில் பூசிக் காய விடுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் விரலைத் தோய்த்து அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத்து செங்கபில நிறமாகத் தோன்றும். அதன் மேல் தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சள் கறை பட்ட துணியைச் சவர்க்காரம் போட்டுத் துவைக்கும்போது அது சிவந்து போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! காரத்துக்கும் அமிலத்துக்கும் மஞ்சள் நிறம் மாறுகிறது என்பதை மேல் வகுப்பில் அவள் விஞ்ஞானமாகப் படிக்கப் போகிறாள். உம்மாவோடு குசினியில் செய்து பார்த்தது அப்போது நினைவுக்கு வரும்.

இலைகளைப் பாதுகாக்க வேண்டுமா? பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பாரமாக ஏதாவது வையுங்கள். ஈரம் ஊறிய தாளை நாளுக்கு நாள் மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் இலை சுருங்காமல் காய்ந்துவிடும். பக்கத்தில் பெயர், எடுத்த இடம், திகதி மூன்றையும் எழுதி வைத்தால் அது வெறும் கைவேலை என்ற நிலையைத் தாண்டிவிடும். பெரிய தாவரவியல் பூங்காக்களிலும் இப்படித்தான் சேகரித்து வைத்திருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது, கேட்டுப் பார்ப்போம்"

பிள்ளை கேட்கும் கேள்விக்கெல்லாம் நமக்குப் பதில் தெரியுமா? தெரியாது. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், "சும்மா இரு" என்று அதட்டவும் வேண்டாம்.

சாலிம் அலி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1896இல் பம்பாயில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். மாமா அமீருத்தீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தார்கள். ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்திவிட்டார். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். வீட்டுக் கூரையில் இருக்கும் சிட்டுக்குருவிக்கு அப்படி இல்லையே! மாமாவிடம் கொண்டு போய்க் காட்டினார். மாமாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் பையனைத் திட்டி அனுப்பிவிடவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அந்தக் குருவியோடு அனுப்பி வைத்தார். மில்லார்ட் குருவியை இனங்கண்டு சொன்னதோடு, சங்கத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார்.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய பறவையியல் அறிஞர் ஆனார். ரிப்ளி என்பவரோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றி 10 பாகங்களில் நூல் எழுதினார். அந்த நூலில் இலங்கைப் பறவைகளும் அடங்கும். 1985இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு அந்தக் குருவியின் பெயரையே சூட்டினார். 1987இல் காலமானார். அன்று மாமா "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் மில்லார்ட் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பெண்மணி இருக்கிறார். எந்தக் கான் ஓரத்தில் என்ன கீரை முளைக்கும், எந்தச் செடியில் குளவி கூடு கட்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. வீட்டில் உம்மும்மா இருக்கிறார். பச்சிலைகளின் பெயர் அவருக்கு அத்துப்படி. அவர்களிடம் பிள்ளையை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் மனம் குளிரும்.

ஊவா முழுவதும் ஒரு வகுப்பறை

இனிக் கடிதத்துக்கு வருவோம். துன்ஹிந்த பதுளை நகரிலிருந்து சில மைல்தான். பதுளு ஓயா சுமார் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. விழும் இடத்தில் புகை போலத் தூறல் எழுவதால்தான் அந்தப் பெயர். பாதையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியில் நடக்க வேண்டும். பிள்ளைக்குப் பாடம் அந்த நடையில்தான் இருக்கிறது. வெயில் பட்ட இடத்தில் ஒரு வகைச் செடி, ஈரப் பாறையில் பாசியும் பன்னமும். நீர்வீழ்ச்சியை நெருங்க நெருங்கக் காற்று ஏன் குளிர்கிறது என்று அவள் தோலே கேட்கும்.

துன்ஹிந்த மட்டுமா? ஒன்பது சிகரங்கள் என்று பெயர் பெற்ற நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து பசறைப் பக்கம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. முகில் எந்த நேரத்தில் அதை மூடுகிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுதச் சொன்னால் அதுவே ஒரு பாடம். தெமோதரை ரயில் நிலையத்தில் பாதை ஒரு பெரிய வட்டம் சுற்றி, நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாக வெளியேறுகிறது. செங்குத்தான மலையில் ரயில் ஏற முடியாது என்பதற்குச் செய்த உபாயம் அது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. ஹாலிஎல பக்கத்தில் போகொட என்ற இடத்தில், ஓடு வேய்ந்த கூரையோடு பல நூற்றாண்டுப் பழைமையான மரப் பாலம் இருக்கிறது. களிமண்ணாலும் தீப்பெட்டியாலும் பாலம் செய்து பார்த்த பிள்ளைக்கு இவற்றைக் காட்டினால், கேள்விகள் ஓயாது.

மொனராகலை மாவட்டத்தின் நில்கல பக்கம் போனால் புல்வெளிக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் திரிபலா என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான். காய்ந்த கடுக்காயைப் பார்த்திருக்கிறோம். மரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மலையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்

இயற்கையைப் பார்ப்பது பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. காலையில் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அது ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின.

சரிவதற்கு முன் மலை பல வேளைகளில் அடையாளம் காட்டும். நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு விழும். நேராக நின்ற மரமும் கம்பமும் சாயும். தண்ணீர் இல்லாத இடத்தில் திடீரென ஊற்றுக் கிளம்பும். வழக்கமாக வரும் பீலித் தண்ணீர் கலங்கும், அல்லது நின்றுவிடும். இவற்றை யார் முதலில் காண்பார்? தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணும், வெளியில் விளையாடும் பிள்ளையும்தான். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கப் பழகிய பிள்ளை, "உம்மா, அந்த மரம் சாஞ்சிருக்கு" என்று வந்து சொல்லும். அப்போது அதைக் கேட்டு, கிராம சேவகருக்கு அறிவிக்கும் பொறுமை நமக்கு வேண்டும். இலை பொறுக்கும் வயதில்தான் அந்தப் பார்வை வருகிறது.

பயமும் பணமும்

உங்கள் பயம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். பயந்து பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதைவிட, பாடசாலைக்குப் போய்க் கேட்பது நல்லது. கல்வி அலுவலகத்தின் அனுமதி பெறப்பட்டதா? எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? பெண் ஆசிரியைகள் வருகிறார்களா? முதலுதவிப் பெட்டி உண்டா? ளுஹர் தொழுகைக்கு எங்கே நிற்பார்கள்? பாதை திறந்திருக்கிறதா? துணைக்கு வர உங்களால் முடியுமானால் பெயரைக் கொடுங்கள். தாய்மார் நாலு பேர் கூடப் போனால் ஆசிரியைக்குப் பெரிய ஒத்தாசை.

காலத்தையும் பாருங்கள். பதுளைப் பக்கம் பெருமழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரிவரை. அந்த மாதங்களில் ஆறு, அருவி, மலைச்சரிவு பக்கம் வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள். எந்த மாதமானாலும் நீர்வீழ்ச்சியில் இறங்குவது கூடாது. மேலே மழை பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ரயில் பாதையில் நடக்க விடக்கூடாது. குளவிக் கூட்டுக்குக் கல் எறியக்கூடாது. வாசனைத் திரவியம் பூசி அனுப்பாதீர்கள். அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம், காலுறையில் சவர்க்காரம் தேய்த்து அனுப்புங்கள். சோற்றை வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். பொலித்தீன் சோற்றுத் தாள் 2017இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

பணம்? அது பல வீடுகளில் பெரிய பிரச்சினை. பெருந்தோட்ட முதலாளிமார் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்று பல தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. இன்றும் கொழுந்து பறித்துக் கிடைக்கும் நாட்கூலியில் பஸ் கட்டணம் என்பது ஒரு குடும்பத்தின் அரிசிக் காசு. உங்கள் மகளுக்குப் பக்கத்தில் இருக்கும் லயத்துப் பிள்ளை, "எனக்கு வயித்து வலி, நான் வரல்ல" என்று சொன்னால், அது வயிற்று வலியாக இல்லாமலும் இருக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது இதைப் பேசுங்கள். வசதியுள்ளவர்கள் ஒரு பிள்ளையின் பங்கைச் சத்தமில்லாமல் ஆசிரியையிடம் கொடுக்கலாம். யார் கொடுத்தார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே வேண்டியதில்லை.

பஸ் இல்லாத சுற்றுலாவும் உண்டு. பாடசாலைக்குப் பின்னால் உள்ள ஓடைவரை, தேயிலை மலையின் ஓரம்வரை நடந்து போய் வர ஒரு சதமும் செலவில்லை. கொழுந்து எடுக்கும் தாய் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுவதைக் காட்டச் சொல்லலாம். அன்றைக்கு அந்தத் தாயின் பிள்ளை வகுப்பில் எவ்வளவு நிமிர்ந்து உட்காரும்!

திரும்பி வந்தபின்

சுற்றுலா முடிந்து மாலையில் அவள் வருவாள். சப்பாத்து நிறையச் சேறு, வாய் நிறையக் கதை. "முதல்ல குளிச்சிட்டு வா" என்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கேளுங்கள். "என்ன பார்த்தாய்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்திச்சி" என்று முடித்துவிடுவாள். "எந்தச் சத்தம் முதலில் கேட்டது? எது உன்னைப் பயப்படுத்தியது? எதுக்குப் பெயர் தெரியவில்லை?" என்று கேளுங்கள். அதை அவள் கையாலேயே ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். எழுத்துப் பிழையை அன்றைக்குத் திருத்த வேண்டாம்.

வீட்டில் ஒரு மூலையில், ஒரு பழைய பிஸ்கட் பெட்டியை அவளுக்கென்று ஒதுக்குங்கள். விதை, சிறகு, கூழாங்கல், காய்ந்த இலை எல்லாம் அதற்குள். வீட்டைக் கூட்டும்போது அந்தப் பெட்டியை மட்டும் கேட்காமல் கொட்டுவதில்லை என்று உங்களுக்குள் ஒரு தீர்மானம் எடுங்கள். வாப்பா கடை பூட்டிவிட்டு வந்ததும் அதைத் திறந்து காட்ட அவள் காத்துக்கொண்டிருப்பாள்.

இப்போது மணி இரண்டாகப் போகிறது. சோறு ஆறிவிட்டது. பை இன்னும் திறந்தபடி கிடக்கிறது. வாடிய முகத்தோடு அவள் அந்த இலைகளை ஒவ்வொன்றாக மறுபடி எடுத்து வைக்கிறாள். பக்கத்தில் போய் உட்காருங்கள் சகோதரியே! ஒரு இலையைக் கையில் எடுத்து, "இது எந்த மரத்துட இலை மகள்?" என்று கேளுங்கள்.

கடிதத்தில் கையெழுத்துப் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள் சொல்லப் போகும் பதிலைக் கேளுங்கள்.